சந்தனமாரி உடைத்த மட்டப்பா

சந்தனமாரி ஒரு பழைய வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் அடிப்பாள். வீட்டுக்காரர் நாற்காலி எடுத்துப் போடுவதற்குள் பையிலிருந்து இரண்டு பவுண்டு சுத்தியலை எடுத்துக் கூடத்துச் சுவரில் இடுப்பு உயரத்தில் ஓங்கி ஒன்று போடுவாள். பூச்சு ஓடாகப் பிளந்தால் சுவர் நல்ல சுவர். பொடிப்பொடியாய் உதிர்ந்தால் உள்ளே உப்பு. அப்படி உதிர்ந்ததில் ஒரு துணுக்கை எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பாள். எவ்வளவு உப்பு, தரையிலிருந்து எத்தனை அடி ஏறியிருக்கிறது என்பதை அதை வைத்தே சொல்லிவிடுவாள். பக்கத்தில் நிற்கும் லிங்கராஜ் கொத்தனார் டேப் பிடித்துப் பார்த்தால் அரை அடிக்கு மேல் பிசகாது.

உப்பு அவளுக்குப் பழக்கம். 1976இல் முத்தையாபுரத்தில் ஓர் உப்பளத் தொழிலாளி வீட்டில் பிறந்தவள். பதினான்கு வயதில் பாத்தியில் உப்பு வாரினாள். பதினேழில் சித்தாளாகக் கலவை சுமந்தாள். பத்தொன்பதில் செந்தில்வேல் என்ற துறைமுக லாரி டிரைவரைக் கட்டி வைத்தார்கள். அவன் ஒன்பது வருடம் அடித்தான். 2004 ஆகஸ்ட் 22, ஞாயிற்றுக்கிழமை, அவளுடைய முன்பல் ஒன்றை உடைத்தான். அவள் பூச்சைத் தேய்க்கும் மணியாசு கட்டையை எடுத்துத் திருப்பி அடித்தாள். அவன் தாடை இரண்டு இடத்தில் விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவன் துணிமணியை எடுத்துக்கொண்டு கொச்சிப் பக்கம் லாரி ஓட்டப் போனான். பிறகு வரவில்லை. அவள் பல் கட்டிக்கொள்ளவும் இல்லை, அழுததை யாரும் பார்க்கவும் இல்லை. மறுநாள் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வேலைக்கு வந்துவிட்டாள் என்பது லிங்கராஜின் சாட்சி.

கட்டட வேலையில் பெண் எத்தனை வருடம் இருந்தாலும் சித்தாள்தான். கரண்டியைக் கையில் தரமாட்டார்கள். லிங்கராஜ் தந்தார். அவருக்கு முட்டிவலி, சாரத்தில் ஏற ஆள் வேண்டியிருந்தது. அப்படிப் பூச்சு கற்றவள், 2011 முதல் பழைய வீடுகளைச் சீர்செய்து விற்பனைக்குத் தயாராக்கும் வேலையைத் தனியாக எடுத்துச் செய்தாள். ஆறு வீடுகள், ஆறும் அடுத்தவர் வீடுகள். அவள் முறை எல்லாரும் செய்வது போலன்று. கடல் மணலில் பூசிய பழைய சுவரை மற்றவர்கள் புட்டி வைத்து மூடிப் பெயிண்ட் அடித்து விற்றுவிடுவார்கள். முதல் மழைக்கு உப்பு பூத்து வெளியே வரும்போது விற்றவன் போன் எடுக்கமாட்டான். இவள் செங்கல் தெரியும் வரை கொத்தித் தள்ளி, ஈரக் களிமண்ணை அப்பிக் காயவிட்டு உரித்து, மறுபடி அப்பி, நாக்கில் கரிப்பு நிற்கும் வரை உப்பை இழுத்தெடுத்த பிறகுதான் பூசுவாள்.

இன்னொரு வழக்கமும் அவளுக்கு உண்டு. விற்கப்போகும் வீட்டுக்குள் அடுப்பு பற்றவைக்க விடமாட்டாள். ஆட்களுக்கு டீ தெருமுனைக் கடையிலிருந்து வரும். வெந்நீர் வேண்டுமென்றால்கூட வேலிக்கு வெளியே மூன்று கல் கூட்டித்தான் வைக்க வேண்டும். வீட்டில் எரியும் முதல் நெருப்பு வாங்குகிறவர்களுடையது. அவர்கள் பால் காய்ச்சி, அது பொங்கி வழிந்தால்தான் வீடு அவர்களுக்கு ஒட்டும் என்பது அவள் எண்ணம். அவள் மட்டுமல்ல, அந்தத் தொழிலில் இருந்த பலரும் அப்படித்தான் நம்பினார்கள். தரகன் இசக்கிராஜாவும் நம்பினான்.

ஏழாவது வீடு பிரையண்ட் நகரில். டாக்டர்களும் துறைமுக அதிகாரிகளும் வாத்தியார்களும் தேடித் தேடி வாங்கும் இடம். பள்ளிக்கூடம் நடக்கும் தூரத்தில். காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஜன்னல் கட்டையில் துறைமுகத்து நிலக்கரித் தூசி அவ்வளவாகப் படியாது. வீடு பார்க்க வருகிறவர்கள் அதில்தான் முதலில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்ப்பார்கள். அங்கே ஜெயபாய் டீச்சரின் வீடு விலைக்கு வந்தது. டீச்சருக்கு எழுபத்தெட்டு வயது, மகன் கனடாவில். மரச்சட்டங்களின் மேல் செங்கல் குத்தி, சுண்ணாம்பு போட்டு அடித்த தட்டைக் கூரை, மட்டப்பா வீடு. நாற்பத்திரண்டு அடி நீளம், இருபத்தேழு அடி அகலம்.

2022 ஜூன் 11, சனிக்கிழமை, சந்தனமாரி அங்கே போனபோது இசக்கிராஜா முன்னதாக வந்து சோபாவில் சாய்ந்திருந்தான். ஐம்பது வயது. பழைய வீடுகளை வாங்கிப் பூசி மெழுகி விற்கும் தரகன். அவனோடு எப்போதும் இரண்டு பேர் இருப்பார்கள். அன்று வாசலில் நின்றார்கள்.

"டீச்சர், வீடு கல்லு மாதிரி நிக்கி. ஒரு கோட்டு புட்டி, ரெண்டு கோட்டு பெயிண்டு. அவ்வளவுதான் வேலை" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

சந்தனமாரி சுத்தியலை எடுத்து அவன் தலைக்கு ஒன்றரை அடி தள்ளிச் சுவரில் அடித்தாள். பூச்சு அவன் தோளில் சொரிந்தது.

"ஏளா! யாரு வீட்டுச் சுவத்துல அடிக்க?"

"கல்லுன்னு சொன்னியள்லா அண்ணாச்சி, அதான் தட்டிப் பாத்தேன். கல்லு உங்க சட்டையில கிடக்கு, எடுத்துக்கிடுங்க."

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இருபது வருஷமா என் முதுகிலயும் இதுதாம்மா உதிருது. இவரு வரைக்கும் ஒருத்தரும் உப்புன்னு சொல்லல. நீ சொல்லு, எத்தனை அடிக்கு இருக்கு?"

சந்தனமாரி அடுக்களைச் சுவரையும் தட்டிவிட்டு வந்தாள். "நாலடி டீச்சர். அடுக்களையில அஞ்சு."

அவள் தன் சேமிப்பு முழுவதையும், முத்தையாபுரத்து இடத்தை விற்ற பணத்தையும் போட்டு அந்த வீட்டை வாங்கினாள். ஆகஸ்ட் 24 அன்று அவள் பெயருக்குக் கிரயம் ஆனது. அதற்கு முன்னால், ஜூன் மாதத்து அந்தச் சனிக்கிழமையே, டீச்சர் வீட்டுக் கேட்டில், இசக்கிராஜா சட்டையைத் தட்டிக்கொண்டே ஒன்று சொல்லிவிட்டுப் போனான்.

"வாங்கிக்கோ. வித்துப் பாரு."

செப்டம்பர் 5 முதல் மார்ச் 31 வரை வேலை நடந்தது. சுவரெல்லாம் செங்கல் வரை கொத்தினார்கள். அழுகிய சட்டங்கள் பதினொன்றை மாற்றினார்கள். அடுக்களைக் கூரையில் அந்தக் காலத்துப் புகைபோக்கி இருந்த இரண்டடிச் சதுரத் துளையைச் செங்கல் வைத்து அடைத்தாள். கறுப்புக் கிரானைட் மேடை போட்டாள். வாங்க இரண்டு பேர் வந்தார்கள்: சாயர்புரத்தில் கல்லூரி ஆசிரியராக இருக்கும் ஜெர்சன், வங்கியில் வேலை பார்க்கும் அவர் மனைவி ஜெமி. நாசரேத்துக்காரர்கள். ஜெமி எல்லாச் சுவரையும் கையால் தடவிப் பார்த்தாள். அட்வான்ஸ் கொடுத்தார்கள். பத்திரப்பதிவுக்கு 2023 ஏப்ரல் 17, திங்கட்கிழமை குறித்தார்கள்.

தனக்கென்று இருந்த எல்லாமே அந்த நான்கு சுவருக்குள் இருந்ததால், திங்கட்கிழமை வரை வீடு கையில் நிற்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பு இல்லை.

நிற்கவிடாமல் செய்யும் வித்தை ஊரில் எல்லாருக்கும் தெரியும். பூட்டை உடைத்து உள்ளே போவார்கள். ஒரு குடும்பத்தை இறக்குவார்கள். கட்டாயம் ஒரு பெண்ணும், நடக்கமாட்டாத ஒரு கிழவரும் இருப்பார்கள். பழைய தேதியில் ஒரு வாடகை ஒப்பந்தம் காட்டுவார்கள். வரும் போலீஸ்காரர்கள், குடியிருப்பவர்களைத் தூக்கிப் போட முடியாது, கோர்ட்டுக்குப் போங்கள் என்பார்கள். கோர்ட்டில் வருடக்கணக்காகும். வாங்க வந்தவர்கள் ஓடிவிடுவார்கள். கடைசியில் வீட்டுக்காரரே உள்ளே இருப்பவனுக்குக் கேட்ட விலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருவார்.

ஏப்ரல் 15, சனிக்கிழமை, காலை பத்து முப்பத்தைந்துக்கு லிங்கராஜ் போன் செய்தார். அவர் தெருமுனை டீக்கடையில் நின்றிருந்தார்.

"மாரி, இசக்கி வந்துட்டாம்ளா. பூட்டை அறுத்துட்டானுவ. கட்டில் இறக்குதானுவ. ஒரு கிழவனைத் தூக்கிட்டுப் போறானுவ."

அவள் ஸ்கூட்டியில் ஒன்பது நிமிடத்தில் வந்து சேர்ந்தாள். முன்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. நிலையில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டியிருந்தார்கள். அவள் வீட்டைச் சுற்றி ஓடி அடுக்களை ஜன்னலைப் பிடித்தாள். உள்ளே அவள் போட்ட கறுப்பு மேடையில் புது கேஸ் அடுப்பு. அதன் மேல் புதுப் பானை, கழுத்தில் மஞ்சள் கிழங்கு. இசக்கிராஜாவின் அண்ணன் மனைவி பானுப்ரியா பட்டுச்சேலையில் நின்று பாலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவன் செல்போனில் படம் பிடித்தான். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

"அடுப்பை அணை!" என்று கத்தினாள் சந்தனமாரி.

இசக்கிராஜா ஜன்னலுக்கு வந்தான். "வாளா மாரி. சரியான நேரத்துக்கு வந்திருக்க. பால் பொங்குனதும் ஒரு டம்ளர் தாரேன், குடிச்சிட்டுப் போ."

"ஏலே இசக்கி, அடுப்பு எரியிறது என் வீட்டுல."

"எங்க வீடு. டீச்சர் போன வருஷம் மே மாசமே எங்க மதினிக்கு வாடகைக்கு விட்டாச்சு. பத்திரம் இருக்கு. பதினோரு மாசமா குடியிருக்கோம், நீ பாக்கலையா? அந்தா பாரு, எங்க மாமா கட்டில்ல படுத்திருக்காரு. எந்திரிக்கமாட்டாரு, பாவம்."

"மதினி, நீங்களாவது சொல்லுங்க" என்றாள் சந்தனமாரி பானுப்ரியாவைப் பார்த்து. "பாவம் புடிக்கும்."

பானுப்ரியா திரும்பவில்லை. "பேசாதேளா, பாலுல கண்ணு படும்" என்றாள்.

சந்தனமாரி ஜன்னலை விட்டாள். கொல்லையில் சாமான் வைக்கும் தகரக் கொட்டகையிலிருந்து கடப்பாரையை எடுத்தாள், ஐந்தடி நீளம். லிங்கராஜ் குறுக்கே நின்றார்.

"போலீஸுக்குச் சொல்லியாச்சு தாயி. வருவாங்க. அஞ்சு ஆம்பளை இருக்கானுவ உள்ள. கொன்னுருவானுவ."

"போலீஸ் வரதுக்குள்ள பொங்கிருமே அண்ணாச்சி."

"பொங்குனா பொங்கட்டும்!"

"பொங்குனா எழுந்திரிக்கமாட்டானுவ."

வெளிப்படிக்கட்டு பதினேழு படி. மாடியில் வெயில் சுட்டது. அடுக்களையின் மேல், புகைபோக்கி இருந்த ஒட்டு எங்கே என்று அவளுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். நாற்பது நாளுக்கு முன் அவளே முழங்காலில் உட்கார்ந்து சுண்ணாம்பை அடித்து இறுக்கிய இடம். கடப்பாரையை இரண்டு கையாலும் தூக்கி அந்த ஒட்டின் நடுவில் இறக்கினாள். மூன்றாவது குத்துக்கு மேல்தளம் விட்டது. ஐந்தாவது குத்துக்கு ஒரு செங்கல் உள்ளே போனது. கீழே பானுப்ரியா அலறினாள். ஒன்பதாவது குத்துக்கு ஒட்டு மொத்தமும் பெயர்ந்து, இருபது செங்கலும் சுண்ணாம்புக் கட்டியும் பானை மேல் இறங்கின. அடுப்பு உருண்டது. பால் பொங்கவில்லை, சிதறியது. பானுப்ரியாவின் தோளும் கழுத்தும் வெந்தன. அவள் கூடத்துக்குள் ஓடி விழுந்தாள். கட்டிலில் கிடந்த, எழுந்திருக்கமாட்டாத மாமா எழுந்து, தாழைத் திறந்து, செருப்பில்லாமல் தெருவில் ஓடினார். எதிர்வீட்டு மாடியில் நின்றவர்கள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அடுத்த நிமிடம் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.

சந்தனமாரி நிறுத்தவில்லை. அவளுக்குள் ஏதோ திறந்துகொண்டது. துளையைச் சுற்றிக் குத்தினாள். சட்டங்களின் மேல் குத்துவரிசையாக நின்ற செங்கல்கள் ஒன்றை ஒன்று பிடித்திருந்தன. ஒன்று போனால் பத்து போகும். ஏழு மாதம் வேலை செய்த கூரையை ஏழு நிமிடத்தில் எட்டடிக்கு ஆறடி திறந்துவிட்டாள். புதுச் சட்டம் ஒன்று நுனி முறிந்து தொங்கியது.

மூன்று பேர் மாடிக்கு ஏறி வந்தார்கள். முதலில் வந்தவன் கையில் அரிவாள். கடப்பாரையைப் பிடித்திருந்த அவளது இடது கையின் மேல் வெட்டினான். சுண்டுவிரலும் மோதிரவிரலும் போயின. இரண்டும் சுண்ணாம்புப் பொடியில் கிடந்ததை அவள் பார்த்தாள். வலி அப்போது வரவில்லை. வலது கையால் கடப்பாரையை வீசினாள். அது அவன் முழங்காலின் பக்கவாட்டில் பட்டு, கால் மறுபக்கம் மடங்கியது. அவன் உட்கார்ந்தபடியே கத்தினான். இரண்டாவது ஆள் நின்ற இடத்திலேயே நின்றான்.

இசக்கிராஜா அவனைத் தள்ளிக்கொண்டு வந்து அவள் கொண்டையைப் பிடித்தான். துளையை நோக்கி இழுத்தான். "உள்ள போளா, நீயே போட்ட மேடையில விழு!" அவள் சரிந்து உட்கார்ந்து, அவன் வேட்டியைப் பல்லாலும் கையாலும் பிடித்துத் தொங்கினாள். அவன் அவள் முகத்தில் இரண்டு தடவை மிதித்தான். மூன்றாவது தடவைக்குப் பிடிமானம் தேடிப் பின்காலை வைத்த இடம் அந்த முறிந்த சட்டம்.

பதினோரு அடி நான்கு அங்குலம். கிரானைட் மேடையின் விளிம்பில் இடுப்பு பட்டது. அந்தச் சத்தத்தைத் தெருமுனையில் கேட்டதாக டீக்கடைக்காரர் பின்னால் சொன்னார்.

அவள் துளையின் ஓரத்தில் குனிந்து பார்த்தாள். அவன் கண் திறந்திருந்தது. அவள் கையிலிருந்து வழிந்த ரத்தம் அவன் பக்கத்தில் சொட்டியது. கடப்பாரை அவள் வலது கையில் இருந்தது, நேர் கீழே அவன் மார்பு. சும்மா கையை விட்டால் போதும். லிங்கராஜ் முட்டிவலியோடு பதினேழு படியும் ஏறி வந்து, "மாரி" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டார். அவள் கடப்பாரையைப் பின்னால் எறிந்தாள்.

பதினொன்று இருபத்தைந்துக்கு சப் இன்ஸ்பெக்டர் பிளாரன்ஸ் நான்கு காவலர்களுடன் வந்தார். இசக்கிராஜாவின் ஆள் ஒப்பந்தத்தை நீட்டினான். "மேடம், பதினோரு மாசமா குடியிருக்க குடும்பம். இந்தப் பொம்பளை கூரையை உடைச்சு கொல்லப் பாத்துட்டா."

பிளாரன்ஸ் நிலையிலிருந்த மஞ்சளை விரலால் தொட்டார். ஈரமாக ஒட்டியது. உள்ளே போய் உடைந்த பானையைப் பார்த்தார். கழுத்தில் கட்டிய மஞ்சள் கிழங்கு அப்படியே இருந்தது.

"பதினோரு மாசமா குடியிருக்கிய?"

"ஆமா மேடம்."

"அப்ப இன்னைக்கு எதுக்குலே பால் காய்ச்சுனிய?"

ஈரத்துணி சுற்றிய தோளோடு கூடத்தில் கிடந்த பானுப்ரியாதான் அழுகையோடு சொன்னாள்: "நான்தான் சொன்னேன். பால் காய்ச்சாம எப்படிம்மா ஒரு வீட்டுல போய் இருக்கது? நல்ல நேரம் பத்தரைக்குத்தான். அதுக்கு முன்னால வரமாட்டேன்னுட்டேன்."

படம் பிடித்தவனின் செல்போனிலும் தேதியும் நேரமும் அப்படியே இருந்தன.

அன்று மாலை ஆஸ்பத்திரியில் பிளாரன்ஸ் சந்தனமாரியிடம் வாக்குமூலம் வாங்கினார். விரல்களை ஒட்ட முடியவில்லை, நேரம் கடந்துவிட்டது. எழுதி முடித்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா மாடியை உடைச்சிய? நாங்க வந்துக்கிட்டுத்தானே இருந்தோம்?"

"பால் பொங்கியிருக்கும்லா மேடம்."

"பொங்கட்டுமே. அந்தப் பாலை வச்சுத்தான் அவன் பொய்யின்னு நான் எழுதுதேன். நீங்க ஒரு செங்கல்லகூட கை வைக்காம நின்னிருந்தாலும் சாயங்காலம் சாவி உங்க கையில இருந்திருக்கும்."

சந்தனமாரி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஜெர்சனும் ஜெமியும் வந்தார்கள். ஜெமி கட்டிலருகே உட்கார்ந்து கட்டுப்போட்ட கையைத் தொட்டாள்.

"அக்கா, நீங்க கட்டுன வீட்டு மேல எனக்குச் சந்தேகமே இல்ல. கூரையை நீங்க சரி பண்ணிருவிய. ஆனா நாங்க பிள்ளைகளோட அதுல இருக்கணும்லா."

"அந்த ஆளோ, அவன் ஆளுங்களோ திரும்ப வரமாட்டாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நாளைக்கே வந்து கையெழுத்துப் போடுதோம்" என்றார் ஜெர்சன்.

லிங்கராஜ் கட்டிலுக்குப் பின்னால் நின்று கண்ணைக் காட்டினார். சொல்லு என்று அர்த்தம். ஒரு வார்த்தைதான்.

"வருவானுவ" என்றாள் சந்தனமாரி.

அட்வான்ஸைத் திருப்பித் தந்தாள். திங்கட்கிழமை பதினொன்றரை மணிக்கு, பத்திரப்பதிவுக்குக் குறித்திருந்த நேரத்தில், அவளுக்கு இரண்டாவது தடவை கையைத் திறந்து தைத்தார்கள்.

ஜூன் 7 முதல் ஜூலை 17 வரை, நாற்பத்தொரு நாளில், எட்டு விரலோடு கூரையை மறுபடி போட்டாள். கரண்டியை வலது கையில் பிடித்து, மணியாசு கட்டையை இடது மணிக்கட்டில் துணியால் கட்டிக்கொண்டு வேலை செய்தாள். அதன் பிறகு பதினேழு குடும்பங்கள் வந்து பார்த்தன. சுவரைத் தடவினார்கள், ஜன்னல் கட்டையைத் தேய்த்தார்கள், மெச்சினார்கள். அடுக்களைக்கு வந்ததும் அண்ணாந்து பார்த்து, "இங்கதானா?" என்று கேட்டார்கள். "ஆமா, இங்கனதான். அந்தா அந்த மேடையிலதான் விழுந்தான்" என்று காட்டினாள். பதினேழு குடும்பமும் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போயின. வாடகை அறையைக் காலி செய்துவிட்டு, அவள் இப்போது அந்த வீட்டின் முன்னறையில் படுத்துக்கொள்கிறாள், தலைமாட்டில் கடப்பாரையோடு. சமையல் வேலிக்கு வெளியேதான்.

இரண்டு வழக்குகள் நடக்கின்றன. ஒன்றில் இசக்கிராஜா குற்றம் சாட்டப்பட்டவன். பானுப்ரியாவுக்குக் காயம் உண்டாக்கியதற்கான மற்றொன்றில் அவள். இரண்டும் ஒரே கோர்ட்டில், ஒரே நாளில் வரும். 2024 ஆகஸ்ட் 20, செவ்வாய்க்கிழமை, கோர்ட் வராந்தாவில் இருந்த ஒரே பெஞ்சில் இருவரும் இரண்டு முனைகளில் உட்கார்ந்திருந்தார்கள். இசக்கிராஜாவின் இரண்டு கக்கத்திலும் ஊன்றுகட்டை.

"வீடு வித்துச்சாளா?" என்று கேட்டான்.

"இல்ல."

"விக்காது. நான் உயிரோட இருக்கிற வரைக்கும் விக்காது. பேசாம என்கிட்ட குடுத்துரு. நடக்கிற விலைக்கு எடுத்துக்கிடுதேன்."

"தாரேன் அண்ணாச்சி" என்றாள் சந்தனமாரி. "மாடி ஏறி வந்து கேளுங்க. படி பதினேழுதான்."

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். இசக்கிராஜா ஒரு கட்டையைத் தூக்கி அவள் முகத்தை நோக்கி வீசினான். அது சுவரில் பட்டுக் கீழே விழுந்தது. கட்டை இல்லாமல் அவனால் எழ முடியவில்லை. அவளும் எடுத்துக் கொடுக்கவில்லை. டவாலி வெளியே வந்து இருவர் பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டார். அவள் எழுந்து, கட்டையைத் தாண்டி உள்ளே போனாள்.